ஜாம்ஷெட்ஜி டாடா: தாம் காணாத ஆலைகளுக்கும் அடித்தளம் இட்ட தொழில் முன்னோடி

மும்பை: 1904-ஆம் ஆண்டு மே 19-ஆம் நாள், ஜெர்மனியின் பாட் நௌஹைம் நகரில் ஜாம்ஷெட்ஜி நுசர்வான்ஜி டாடா காலமானார். அப்போது அவருக்கு வயது 65. வாழ்வின் பிற்பகுதியில் அவர் நான்கு பெரும் பணிகளைக் கையில் எடுத்திருந்தார். இரும்பு உருக்காலை, நீர் மின்சாரம், அறிவியல் ஆய்வுக்கென ஓர் உயர்கல்வி நிறுவனம், பம்பாயில் ஒரு பெரிய தங்கும் விடுதி ஆகியவையே அவை. அவற்றுள் விடுதி ஒன்றைத்தான் அவர் கண்ணால் கண்டார்.

எஞ்சிய மூன்றும் அவர் மறைந்து 11 ஆண்டுகளுக்குள் நிறைவேறின. நிறுவனத்தைத் தோற்றுவித்தவர் மறைந்ததும் அவருடைய திட்டங்களும் மறைந்துபோவதே அக்காலத்தில் பெரும்பாலும் நடந்தது. டாடா நிறுவனத்தில் அவ்வாறு நடக்கவில்லை. அதற்கான காரணத்தை அவரது செல்வத்தில் மட்டும் தேடினால் விடை கிடைக்காது. நாக்பூரில் ஒரு பஞ்சாலையை அவர் நடத்திய விதத்தில்தான் அந்த விடை இருக்கிறது.

நவ்சாரியிலிருந்து பம்பாய்க்கு:

குஜராத்தின் நவ்சாரியில் 1839-ஆம் ஆண்டு மார்ச் 3-ஆம் நாள் ஜாம்ஷெட்ஜி பிறந்தார். தந்தை நுசர்வான்ஜி, தாய் ஜீவன்பாய். தலைமுறை தலைமுறையாகப் பார்சி சமயக் குருக்களாக இருந்த குடும்பம் அது. அந்த மரபை விட்டு வணிகத்தில் இறங்கிய முதல் மனிதர் நுசர்வான்ஜி. அவர் பம்பாய்க்குச் சென்று தொழில் தொடங்கினார். பதின்ம வயதில் மகனையும் அங்கு வரவழைத்து எல்பின்ஸ்டன் கல்லூரியில் சேர்த்தார். 1858-இல் கல்லூரிப் படிப்பை முடித்த ஜாம்ஷெட்ஜி, தந்தையின் நிறுவனத்தில் சேர்ந்தார். மாணவப் பருவத்திலேயே ஹீராபாயுடன் அவருக்குத் திருமணம் நடந்திருந்தது.

அடுத்த ஆண்டே அவர் ஹாங்காங் அனுப்பப்பட்டார். அங்கு நடந்த வணிகத்தில் பருத்தியோடு அபினியும் இருந்தது. அன்றைய சட்டம் அதைத் தடுக்கவில்லை. பம்பாயின் பெரிய வணிகக் குடும்பங்கள் பலவும் அதில் ஈடுபட்டிருந்தன. பின்னாளில் நேர்மைக்குப் பெயர்பெற்ற ஒரு நிறுவனத்தின் தொடக்க ஏட்டில் இப்பக்கமும் உண்டு என்பதை மறைப்பதற்கில்லை.

லண்டனில் கற்ற பாடம்:

1861-இல் அமெரிக்காவில் உள்நாட்டுப் போர் மூண்டது. அமெரிக்கப் பருத்தி வரத்து நின்றதால், இங்கிலாந்தின் லங்காஷயர் ஆலைகள் இந்தியப் பருத்தியைத் தேடி வந்தன. விலை கிடுகிடுவென உயர்ந்தது. பம்பாயில் பணம் வெள்ளமாய்ப் பாய்ந்தது. நிறுவனங்களும் வங்கிகளும் புற்றீசல் போல முளைத்தன. இந்த ஏற்றத்தை நம்பி, லண்டனில் ஓர் இந்திய வங்கியைத் தொடங்கும் நோக்குடன் ஜாம்ஷெட்ஜி அங்குப் புறப்பட்டார்.

1865-இல் போர் முடிந்தது. பருத்தி விலை சரிந்தது. அவர் கையில் கொண்டுசென்ற பருத்தி உண்டியல்கள் மதிப்பிழந்தன. 26 வயது இளைஞர், அந்நிய நகரில், கடன் கொடுத்தவர்கள் முன் நிற்க வேண்டியதாயிற்று. எதையும் ஒளிக்காமல் நிறுவனத்தின் நிலையை அவர்களிடம் அப்படியே எடுத்துரைத்தார். அந்த வெளிப்படைத்தன்மையைக் கண்ட கடன்காரர்கள், கணக்குகளைத் தீர்க்கும் பொறுப்பை அவரிடமே ஒப்படைத்தனர். பம்பாயில் அவருடைய தந்தை சொத்துகளை விற்றுக் கடனை அடைத்தார்.

ஊக வணிகத்தில் சேரும் பணம் எவ்வளவு விரைவில் கரையும் என்பதை அந்தச் சரிவு காட்டியது. பணம் போன பிறகும் நம்பிக்கை எஞ்சியிருந்தால் மீண்டெழ முடியும் என்பதையும் அதுவே காட்டியது. அதன் பின் அபிசீனியாவுக்குச் சென்ற பிரிட்டிஷ் படைக்குப் பொருள்கள் வழங்கும் ஒப்பந்தத்தில் குடும்பத்துக்குப் பங்கு கிடைத்தது; நிலைமை ஓரளவு சீரானது. 1868-ஆம் ஆண்டில், 29 வயதில், 21,000 ரூபாய் மூலதனத்துடன் ஜாம்ஷெட்ஜி தமக்கென ஒரு வணிக நிறுவனத்தைத் தொடங்கினார். டாடா குழுமத்தின் தொடக்கமாக இன்று கருதப்படுவது அந்த ஆண்டே.

பம்பாயை விட்டு நாக்பூருக்கு:

1869-இல் பம்பாயின் சிஞ்ச்போக்லியில் நொடித்துப்போயிருந்த எண்ணெய் ஆலை ஒன்றை வாங்கி, அதைப் பஞ்சாலையாக மாற்றினார். அலெக்சாண்டிரா என்று பெயரிடப்பட்ட அந்த ஆலையை இரண்டே ஆண்டுகளில் லாபத்துக்கு விற்றார். பின்னர் மீண்டும் இங்கிலாந்து சென்று, லங்காஷயர் பஞ்சாலைகள் இயங்கும் முறையை நேரில் கற்றார். இனி எழுப்பப்போகும் ஆலை விற்பதற்கானதன்று, நடத்துவதற்கானது என்ற முடிவோடு திரும்பினார்.

அன்று பஞ்சாலை என்றாலே பம்பாய்தான். துறைமுகமும் பணமும் அங்கே இருந்தன. ஜாம்ஷெட்ஜி வேறு கணக்குப் போட்டார். பருத்தி விளையும் இடம், ரயில் பாதை, நிலக்கரி கிடைக்கும் இடம், நூலும் துணியும் விற்கும் சந்தை ஆகிய நான்கையும் சேர்த்துப் பார்த்தார். நாக்பூர் பருத்தி வயல்களின் நடுவே இருந்தது. அருகிலுள்ள வரோராவில் நிலக்கரி கிடைத்தது. கைத்தறி நெசவாளர் நிறைந்த பகுதி என்பதால் நூலுக்கும் சந்தை இருந்தது.

1874-இல் 15 லட்சம் ரூபாய் மூலதனத்துடன் மத்திய இந்திய நூற்பு, நெசவு மற்றும் உற்பத்தி நிறுவனம் பதிவானது. ஜும்மா ஏரியை ஒட்டிய சதுப்பு நிலமே ஆலைக்கான இடமாகக் கிடைத்தது. பள்ளத்தை மண்ணிட்டு நிரப்பும் வேலை நடந்தபோது, பணத்தைக் குழியில் கொட்டுவதாகக் கருதிய உள்ளூர் வட்டிக்கடைக்காரர் ஒருவர் கடன் கொடுக்க மறுத்தார். ஆலை செழித்த பிறகு, அவர் அங்கே மண்ணைப் போடவில்லை, பொன்னை விதைத்துப் பொன்னை அறுத்தார் என்று அதே மனிதர் ஒப்புக்கொண்டதாக அவருடைய வாழ்க்கை வரலாறுகள் பதிவு செய்கின்றன.

1877-ஆம் ஆண்டு ஜனவரி 1-ஆம் நாள் ஆலை திறக்கப்பட்டது. விக்டோரியா இந்தியாவின் பேரரசியாக அறிவிக்கப்பட்ட நாள் அது. எனவே ஆலைக்கு எம்ப்ரஸ் மில் என்று பெயர் வந்தது.

ஆளைத் தேர்ந்தெடுத்த விதம்:

ஆலையின் நிர்வாகியாக ஜாம்ஷெட்ஜி நியமித்தவர் பெசோன்ஜி தாதாபாய் மேத்தா. அவர் ரயில்வேயில் பணியாற்றியவர். பஞ்சாலை பற்றி எதுவும் அறியாதவர். நூற்பு நுட்பம் தெரிந்தவராக லங்காஷயரைச் சேர்ந்த ஜேம்ஸ் புரூக்ஸ்பி உடன் அமர்த்தப்பட்டார். நுட்பத்தைக் கற்றுக்கொள்ளலாம், ஒழுங்கும் பொறுப்புணர்வும் மனிதர்களை நடத்தும் பக்குவமும் உடன் வர வேண்டியவை என்ற கணிப்பே இந்த நியமனத்தில் தெரிகிறது.

அந்தக் கணிப்பு பொய்க்கவில்லை. பெசோன்ஜி நெடுங்காலம் அந்த ஆலையை நடத்தி, அதன் வெற்றிக்குத் தூணாக விளங்கினார். ஜாம்ஷெட்ஜி பம்பாயில் இருந்தார். ஆலை நாக்பூரில் இயங்கியது. அன்றாட முடிவுகள் பெசோன்ஜியின் கையில் இருந்தன. முதலாளி அருகில் நின்று மேற்பார்வை செய்யாமலேயே ஆலை நடந்தாக வேண்டும் என்பது தொடக்கத்திலிருந்தே அதன் அமைப்பில் ஊறிப்போயிற்று. பட்டதாரி இளைஞர்களைப் பயிற்சியாளர்களாகச் சேர்த்து, தொழிலின் ஒவ்வொரு பிரிவிலும் பழக்கும் முறையும் அங்கே வளர்ந்தது. ஒருவர் விலகினால் அவ்விடத்தை நிரப்ப இன்னொருவர் ஆயத்தமாக இருந்தார்.

மலிவான இயந்திரமும் மாற்றிய மனமும்:

எம்ப்ரஸ் ஆலையின் முதல் சில ஆண்டுகள் எளிதாக அமையவில்லை. செலவைக் குறைக்க எண்ணித் தொடக்கத்தில் வாங்கிய இயந்திரங்கள் தரம் குறைந்தவை. நூலின் தரமும் குறைந்தது, விற்பனையும் சுணங்கியது. ஜாம்ஷெட்ஜி அந்தத் தவற்றை விரைவில் உணர்ந்தார். மலிவாக வாங்கியவற்றை வைத்துக்கொண்டு காலம் தள்ளாமல், அவற்றை அகற்றிச் சிறந்த இயந்திரங்களை நிறுவினார். லாபத்தில் ஒரு பகுதி மீண்டும் இயந்திரங்களுக்கே செலவானது.

1883-இல் அவர் மேற்கொண்ட சோதனை அதனினும் முக்கியமானது. அக்காலத்தில் லங்காஷயர் ஆலைகள் மியூல் என்னும் நூற்பு இயந்திரத்தையே நம்பியிருந்தன. அமெரிக்காவில் உருவான ரிங் ஸ்பிண்டில் என்னும் புதிய வகைக் கதிர் அதைவிட விரைவானது, இயக்கவும் எளிது. மியூல் இயந்திரத்தைக் கையாள நீண்ட பயிற்சி பெற்ற தொழிலாளி வேண்டும். புதிய கதிருக்கு அத்தகைய தேர்ச்சி தேவையில்லை. நாக்பூர்த் தொழிலாளர்களோ வயல்களிலிருந்து அப்போதுதான் ஆலைக்கு வந்தவர்கள். எனவே இந்தக் கருவி இங்கிலாந்தைவிட இந்தியாவுக்கே பொருந்தும் என்று ஜாம்ஷெட்ஜி கண்டார்.

இரண்டு ரிங் இயந்திரங்களை மட்டும் வரவழைத்து ஆலையில் ஓட்டிப் பார்த்தார். விளைவு நன்றாக இருந்தது. அதன் பின்னரே பெருமளவில் மாற்றம் நிகழ்ந்தது. அவர் முதலில் அணுகிய பெயர்பெற்ற இங்கிலாந்து உற்பத்தியாளர் தயக்கம் காட்டியதால், வேறு உற்பத்தியாளரிடம் இயந்திரங்கள் வாங்கப்பட்டன. லங்காஷயர் ஆலைகள் பலவும் தயங்கிக்கொண்டிருந்தபோது, நாக்பூரில் ஓர் ஆலை புதிய முறைக்கு மாறியிருந்தது.

தொழிலாளர் வராத நாள்கள்:

நாக்பூரில் அவர் எதிர்கொண்ட பெரிய சிக்கல் இயந்திரம் அன்று, மனிதர். பம்பாய் ஆலைகளைவிட இங்கே வேலைக்கு வராதோர் எண்ணிக்கை அதிகம். அறுவடை, திருமணம், திருவிழா என்று ஏதேனும் ஒரு காரணத்தால் தறிகள் ஆளின்றி நின்றன. மணி அடித்ததும் வேலையைத் தொடங்கி மணி அடிக்கும்வரை ஓயாமல் உழைக்கும் பழக்கம் அந்த மக்களுக்குப் புதிது.

அபராதம் விதிப்பதும் வேலைநீக்கம் செய்வதுமே அக்கால ஆலைகளின் வழக்கமான மருந்து. ஜாம்ஷெட்ஜி வேறு வழியைத் தேர்ந்தார். அங்கேயே நீடித்துப் பணியாற்றுவது தொழிலாளிக்கே ஆதாயம் என்று உணரச் செய்வது அவரது நோக்கம். 1886-இல் ஓய்வூதிய நிதி தொடங்கப்பட்டது. 1895-இல் வேலையின்போது விபத்துக்குள்ளாவோருக்கு இழப்பீடு வழங்கும் முறை வந்தது. ஆண்டுதோறும் பரிசளிப்பு விழாக்களும் விளையாட்டுப் போட்டிகளும் நடந்தன. ஆலைக்குள் வெப்பமும் தூசும் குறையக் காற்றோட்டமும் ஈரப்பதமூட்டிகளும் அமைக்கப்பட்டன. தீ மூண்டால் தாமே நீர் தெளிக்கும் கருவிகளும் பொருத்தப்பட்டன.

இவற்றின் காலத்தைக் கருதினால் அருமை விளங்கும். தொழிலாளர் இழப்பீட்டுச் சட்டம் இந்தியாவில் 1923-இல்தான் வந்தது. தொழிலாளர் வருங்கால வைப்பு நிதிச் சட்டம் 1952-இல் இயற்றப்பட்டது. எந்தச் சட்டமும் கட்டாயப்படுத்தாத காலத்தில் ஒரு தனியார் ஆலை இவற்றைச் செய்தது.

இதை வெறும் கருணை என்று மட்டும் கொள்வது சரியாகாது. ஈரப்பதம் இருந்தால் நூல் அறுவது குறையும். தொழிலாளியும் மூச்சுவிட முடியும். தீயணைப்புக் கருவி உயிரையும் காக்கும், சரக்கையும் காக்கும். ஓய்வூதியம் முதியவருக்கு ஆதரவு. பயிற்சி பெற்ற கைகள் ஆலையை விட்டுப் போகாமல் இருப்பதற்கும் அதுவே வழி. தொழிலாளியின் நலனும் நிறுவனத்தின் நலனும் ஒரே செலவில் அடங்கும் இடங்களை அவர் தேடிக் கண்டார்.

சுதேசி ஆலையில் நேர்ந்த சோதனை:

1886-இல் பம்பாய் அருகே குர்லாவில் இருந்த தரம்சி ஆலை விலைக்கு வந்தது. அளவில் பெரியது, விலை மலிவு. 12.5 லட்சம் ரூபாய்க்கு ஜாம்ஷெட்ஜி அதை வாங்கி, சுதேசி மில் என்று பெயரிட்டார். டாடா என்ற பெயரை நம்பிப் பலர் அதன் பங்குகளை வாங்கினர்.

ஆனால் இயந்திரங்கள் அவர் எண்ணியதைவிடப் பழுதுபட்டிருந்தன. பழுது பார்க்கப் பார்க்கப் பணம் கரைந்தது. தரமற்ற சரக்கு வெளிவந்ததால் சந்தையில் பெயர் கெட்டது. பங்கு விலை வீழ்ந்தது. வங்கிகள் கடன் தரத் தயங்கின. நாக்பூரில் கிடைத்த புகழ் முழுவதும் குர்லாவில் கரைந்துவிடும் என்ற நிலை வந்தது. அப்போது அவர் ஐம்பது வயதை நெருங்கிக்கொண்டிருந்தார்.

அவர் அந்த ஆலையைக் கைகழுவிவிட்டு ஒதுங்கியிருக்கலாம். மாறாக, எம்ப்ரஸ் ஆலையில் தமக்கிருந்த பங்குகளில் ஒரு பகுதியை விற்று, அந்தப் பணத்தைச் சுதேசி ஆலையில் இட்டார். நாக்பூரில் பயிற்சி பெற்ற திறமையாளர்களைக் குர்லாவுக்கு வரவழைத்தார். பழைய இயந்திரங்களை அகற்றினார். ஆலை மெல்ல மெல்ல நிமிர்ந்தது. அதன் சரக்குக்கு வெளிநாட்டுச் சந்தைகளிலும் மதிப்பு கிடைத்தது. ஆள்களை வளர்த்துவைத்த நாக்பூரின் பழக்கமே குர்லாவைக் காப்பாற்றியது.

இந்த ஆலையோடு சேர்ந்த இன்னொரு மாற்றம் அதிகம் பேசப்படாதது. அக்காலத்தில் பம்பாய் ஆலைகளை நிர்வாக முகவர்கள் என்னும் நிறுவனங்கள் நடத்தின. உற்பத்தியாகும் ஒவ்வொரு பவுண்டு எடைக்கும் இவ்வளவு என்று அவை தரகு பெற்றன. ஆலை நட்டத்தில் ஓடினாலும், விற்காத சரக்கு குவிந்தாலும், முகவரின் வருமானம் குறையாது. உற்பத்தி கூடினால் அவருக்குப் போதும். பங்குதாரரின் நட்டம் அவரைத் தொடாது. ஜாம்ஷெட்ஜி அந்த முறையை மாற்றி, லாபத்தில் ஒரு விழுக்காட்டை மட்டுமே தரகாகப் பெறும் வழக்கத்தைக் கொண்டுவந்தார். நிறுவனம் ஈட்டினால்தான் நடத்துபவருக்கும் வருமானம் என்றானது. நிர்வாகிகளின் ஊதியத்தை எதனோடு இணைப்பது என்று இன்றும் நிறுவனங்களின் பொதுக்கூட்டங்களில் விவாதிக்கப்படுகிறது. அந்தக் கேள்விக்கு அவர் 19-ஆம் நூற்றாண்டிலேயே ஒரு விடை வைத்திருந்தார்.

கடலில் கண்ட தோல்வி:

எடுத்த காரியம் அனைத்திலும் அவர் வென்றுவிடவில்லை. இந்திய நூலைச் சீனாவுக்கும் ஜப்பானுக்கும் கொண்டுசெல்லும் கப்பல் கட்டணத்தைப் பி அண்டு ஓ என்னும் பிரிட்டிஷ் நிறுவனமும் அதன் கூட்டாளிகளும் உயர்த்தி வைத்திருந்தனர். 1893-இல் ஜப்பானுக்குச் சென்ற ஜாம்ஷெட்ஜி, நிப்பான் யூசென் கைஷா என்னும் கப்பல் நிறுவனத்துடன் உடன்பாடு கண்டு, டாடா லைன் என்ற பெயரில் கப்பல்களை இயக்கினார். எதிர்த் தரப்பினர் கட்டணத்தை நட்டத்துக்கே குறைத்தனர். தொடக்கத்தில் துணை நின்ற பம்பாய் ஆலை அதிபர்கள் மலிவான கட்டணத்தின் பக்கம் சாய்ந்தனர். டாடா லைன் நின்றுபோனது. போட்டி ஒழிந்ததும் கட்டணம் மீண்டும் ஏறியது.

அதே பயணத்தில் ஜப்பானிலிருந்து வட அமெரிக்காவுக்குச் சென்ற கப்பலில் சுவாமி விவேகானந்தரும் இருந்தார். சிகாகோவில் நடைபெறவிருந்த சர்வ சமயப் பேரவைக்கு விவேகானந்தர் சென்றுகொண்டிருந்தார். ஐந்து ஆண்டுகள் கழித்து, 1898-இல், தாம் தொடங்க எண்ணிய ஆய்வு நிறுவனம் குறித்து ஜாம்ஷெட்ஜி அவருக்கு எழுதிய கடிதம் அந்தச் சந்திப்பை நினைவுகூர்கிறது.

கல்வி, விடுதி, மின்சாரம்:

1892-இல் இந்திய மாணவர்கள் வெளிநாடு சென்று உயர்கல்வி பெற ஓர் அறநிதியை அவர் ஏற்படுத்தினார். முதலில் பார்சிகளுக்கென இருந்த அந்த நிதி, 1894-இல் அனைவருக்கும் திறந்துவிடப்பட்டது. தரப்படும் தொகை தானம் அன்று, கடன். படித்து முடித்து ஊதியம் பெறுபவர் அதைத் திருப்பிச் செலுத்த, அத்தொகை அடுத்த மாணவருக்குச் சென்றது. பின்னாளில் குடியரசுத் தலைவரான கே.ஆர். நாராயணன் அந்த நிதியின் உதவியால் லண்டனில் பயின்றவர்.

அறிவியல் ஆய்வு நிறுவனத்துக்காகத் தம் சொத்தில் 30 லட்சம் ரூபாய் மதிப்புள்ள பகுதியை ஒதுக்கினார். அதற்குத் தம் பெயரைச் சூட்ட அவர் விரும்பவில்லை. அவருடைய உதவியாளர் பர்ஜோர்ஜி பாட்ஷா வெளிநாட்டுப் பல்கலைக்கழகங்களை நேரில் ஆராய்ந்து திட்டம் வகுத்தார். 1898 டிசம்பரில் இந்தியா வந்து இறங்கிய கர்சன் பிரபுவிடம் அத்திட்டம் உடனே அளிக்கப்பட்டது. அரசின் தயக்கத்தால் ஆண்டுகள் நகர்ந்தன. பெங்களூருவே தக்க இடம் என்று வேதியியல் அறிஞர் வில்லியம் ராம்சே பரிந்துரைத்தார். மைசூர் அரசு 371 ஏக்கர் நிலம் வழங்கியது. 1909-இல் அரசாணை பிறந்து, 1911-இல் முதல் மாணவர்கள் சேர்ந்தனர். இந்திய அறிவியல் நிறுவனம் என்ற பெயர் பெற்ற அந்த வளாகத்தைப் பெங்களூரு மக்கள் இன்றும் டாடா இன்ஸ்டிடியூட் என்றே அழைக்கின்றனர். 1933-இல் அதன் முதல் இந்திய இயக்குநராகப் பொறுப்பேற்றவர் சி.வி. ராமன்.

பம்பாயின் தாஜ்மகால் விடுதி 1903 டிசம்பர் 16-இல் திறக்கப்பட்டது. மின்விளக்குகளால் ஒளிர்ந்த அந்தக் கட்டடத்துக்கு அவர் தம் சொந்தப் பணத்தைச் செலவிட்டார். மேற்குத் தொடர்ச்சி மலையின் மழைநீரைத் தேக்கி மின்சாரம் எடுத்து, பம்பாய் ஆலைகளைப் புகையிலிருந்து விடுவிக்கும் திட்டமும் அப்போது அவர் கையில் இருந்தது. அதற்கான நிறுவனம் 1910-இல் உருவாகி, 1915-இல் கோபோலி மின்நிலையத்திலிருந்து மின்சாரம் பாய்ந்தது.

இடம் தெரியாமலே வரைந்த நகரம்:

உருக்காலை எண்ணம் அவர் மனத்தில் 1882-இலேயே விழுந்தது. மத்திய மாகாணத்தின் சாந்தா மாவட்ட இரும்புத் தாது பற்றி ஜெர்மானிய நிலவியலாளர் ஒருவர் அளித்த அறிக்கையை அவர் அப்போது படித்தார். அன்றைய சுரங்க விதிகள் தனியார் முயற்சிக்கு இடம் தரவில்லை. 1899-இல் விதிகள் தளர்ந்ததும், 60 வயதில் அவர் அந்த வேலையை மீண்டும் எடுத்தார். 1902-இல் அமெரிக்கா சென்று உருக்காலைகளைப் பார்த்தார். நியூயார்க்கில் சார்லஸ் பேஜ் பெரின் என்னும் ஆலோசனைப் பொறியாளரின் அலுவலகத்துக்கு நேரில் சென்று, இந்தியாவுக்கு வருமாறு அழைத்தார். பெரின் இசைந்தார்.

அதே ஆண்டில் மகன் தோராப்ஜிக்கு அவர் எழுதிய கடிதம் இந்தியத் தொழில் வரலாற்றில் புகழ்பெற்றது. எழுப்பப்போகும் ஆலை நகரத்தின் தெருக்கள் அகலமாக இருக்க வேண்டும். விரைவில் வளரும் நிழல் தரும் மரங்களை நட வேண்டும். புல்வெளிகளுக்கும் பூங்காக்களுக்கும் கால்பந்து, ஹாக்கி மைதானங்களுக்கும் தாராளமாக இடம் விட வேண்டும். இந்துக் கோயில்களுக்கும் மசூதிகளுக்கும் தேவாலயங்களுக்கும் இடம் குறிக்க வேண்டும் என்று அதில் அறிவுறுத்தினார். ஆலை எங்கே அமையும் என்பதே அப்போது தெரியாது. இடம் முடிவாகும் முன்பே தொழிலாளர் வாழ்வுக்கு இடம் ஒதுக்கப்பட்டுவிட்டது.

மறைவுக்குப் பின்:

1904 பிப்ரவரியில் நிலவியலாளர் பிரமத நாத் போஸிடமிருந்து ஒரு கடிதம் வந்தது. மயூர்பஞ்ச் சமஸ்தானத்தின் கோருமகிசானி மலையில் உயர்தர இரும்புத் தாது உள்ளதாக அது தெரிவித்தது. அப்போது ஜாம்ஷெட்ஜியின் உடல்நிலை தளர்ந்திருந்தது. மார்ச் மாதத்தில் மனைவி ஹீராபாய் காலமானார். மே மாதத்தில் அவரும் மறைந்தார். இங்கிலாந்தின் புரூக்வுட் கல்லறைத் தோட்டத்தில் அவர் அடக்கம் செய்யப்பட்டார்.

தோராப்ஜி, ரத்தன்ஜி ஆகிய புதல்வர்களும், உறவினர் ஆர்.டி. டாடாவும், பாட்ஷாவும், பெரினும் பணியைத் தொடர்ந்தனர். லண்டன் பணச் சந்தை உருக்காலைக்கு மூலதனம் தரத் தயங்கியது. 1907-இல் அவர்கள் இந்திய மக்களையே நாடினர். மூன்றே வாரங்களில் சுமார் 8,000 பேர் முன்வந்து பங்குகளை வாங்கினர். உருக்காலையை அவர்கள் எவரும் பார்த்ததில்லை. பார்த்ததெல்லாம் நாக்பூரும் குர்லாவும்தான். சுதேசி ஆலை நொடித்தபோது சொந்தப் பணத்தை இட்டுக் காத்த குடும்பம் என்ற நம்பிக்கை அங்கே மூலதனமாக மாறியது.

சுவர்ணரேகா, கர்காய் ஆறுகள் கூடும் இடத்தருகே இருந்த சாக்சி என்னும் சிற்றூரில் ஆலை எழுந்தது. 1912 பிப்ரவரி 16-இல் முதல் உருக்கு வெளிவந்தது. அதே ஆண்டில் எட்டு மணி நேர வேலை முறை அங்கே நடைமுறைக்கு வந்தது. 1915-இல் இலவச மருத்துவ வசதியும், 1920-இல் ஊதியத்துடன் கூடிய விடுப்பும் வருங்கால வைப்பு நிதியும் தொடர்ந்தன. 1919-இல் அந்த ஊருக்கு ஜாம்ஷெட்பூர் என்று பெயர் சூட்டப்பட்டது.

முதல் உலகப் போருக்குப் பின் உருக்கு விலை சரிந்து, 1924-இல் ஊதியம் கொடுக்கவே பணமில்லாத நிலை ஏற்பட்டது. தோராப்ஜி தம் சொந்தச் சொத்தையும் மனைவி மெஹர்பாயின் நகைகளையும் வங்கியில் ஈடுவைத்துக் கடன் பெற்று நிறுவனத்தைக் காத்தார். தந்தை குர்லாவில் செய்ததை மகன் ஜாம்ஷெட்பூரில் செய்தார்.

நிழலும் உண்டு:

நலத்திட்டங்கள் இருந்தும் ஜாம்ஷெட்பூரில் 1920, 1922, 1928 ஆகிய ஆண்டுகளில் பெரும் வேலைநிறுத்தங்கள் நடந்தன. 1928-இல் தொழிலாளர் சார்பில் சுபாஷ் சந்திர போஸ் தலையிட்டுப் பேச்சு நடத்த வேண்டியிருந்தது. மேலிருந்து வழங்கப்படும் நலன்கள் மட்டுமே தொழிலாளியின் குரலுக்கு ஈடாகிவிடா என்பதை நிர்வாகம் அப்போது கற்றது. எம்ப்ரஸ் ஆலையும் என்றென்றைக்கும் நிற்கவில்லை. பஞ்சாலைத் தொழில் நலிந்த காலத்தில் அதுவும் மூடப்பட்டது.

ஆலை மறைந்தாலும் அங்கே பழகிய முறைகள் மறையவில்லை. நடத்துபவரின் வருமானத்தை நிறுவனத்தின் லாபத்தோடு இணைப்பது, லாபத்தை இயந்திரத்திலும் மனிதரிலும் மீண்டும் இடுவது, தகுதியானவரிடம் பொறுப்பை முழுமையாக ஒப்படைப்பது, நட்டம் வந்தால் முதலில் தம் கையிலிருந்து கொடுப்பது ஆகியவை சாக்சிக்கும் அதன் பின் எழுந்த நிறுவனங்களுக்கும் சென்றன. புதல்வர் இருவரும் தங்கள் சொத்தை அறக்கட்டளைகளுக்கு எழுதிவைத்தனர். டாடா சன்ஸ் நிறுவனத்தின் பங்குகளில் ஏறத்தாழ மூன்றில் இரண்டு பகுதி இன்று அறக்கட்டளைகளிடமே உள்ளது.

ஜாம்ஷெட்ஜியின் பிறந்த நாளான மார்ச் 3, ஜாம்ஷெட்பூரில் ஆண்டுதோறும் நிறுவனர் நாளாகக் கொண்டாடப்படுகிறது. அந்நாளில் விளக்குகளால் ஒளிரும் அந்த நகரத்தின் தெருக்களில் அவர் ஒருமுறைகூட நடந்ததில்லை.